மதிப்பெண் எடுக்காத பிள்ளைக்கு அம்பேத்கர் யார்?

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் எங்கள் காலனி முகப்பில் ஒரு பிளெக்ஸ் ஏறும். இடது மூலையில் நீலக் கோட்டுடன் பாபாசாகேப், வலது மூலையில் எங்கள் மன்றத் தலைவர், நடுவில் அந்த ஆண்டு அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளை. கீழே "சேரியில் பூத்த செந்தாமரை" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரிகளில் பாதியை எழுதியவன் நான்தான். போன ஆண்டும் எழுதினேன். 571 எடுத்த தங்கைக்குச் சால்வை போர்த்திவிட்டு, மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினேன். "எங்களுக்குத் தகுதி இல்லை, திறமை இல்லை என்று சொன்னவனே, வந்து பார்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நல்ல கைதட்டல்.

பிளெக்ஸைத் தூக்கிக் கட்டியது நான்கு பையன்கள். அதில் ஒருவன் அதே தேர்வை எழுதி இரண்டு பாடத்தில் தவறியவன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அம்மா பக்கத்தில் வந்தார். ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகிறவர். "என்ன பண்றதுண்ணே, அந்தப் புள்ளைக்கு மூளை இருக்கு, மேடையில நிக்குது. எம்புள்ளைக்கு மூளை இல்ல, கயிறு கட்டுது" என்றார். பையன் காதில் விழும் தூரத்தில்தான் நின்றான். "விடும்மா, துணைத் தேர்வுல பாஸ் பண்ணிடுவான்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பேருந்தில் போகும்போதுதான் அது உறுத்தியது. "அவனுக்கெல்லாம் மூளை இல்லை" என்று ஓர் ஆதிக்கச் சாதிக்காரன் சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? வரலாறு, சட்டம், புள்ளிவிவரம் எல்லாவற்றையும் எடுத்து அடித்திருப்பேன். எங்கள் வீட்டுப் பெண், தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்கிறபோது என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு முன்னால் மைக்கில் நான் சொன்னதும் அதே வார்த்தைதான். அவர் அதைத் தன் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தார், அவ்வளவே.

தோழர்களே, இந்தக் கட்டுரை எதிரிக்கு எழுதியது அல்ல. உங்களுக்கும் எனக்கும் எழுதியது. இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எதிரியின் அளவுகோலையே நாம் தோளில் சுமந்து திரிகிறோம். "எங்கள் பிள்ளைகளும் மார்க் எடுக்கிறார்கள்" என்பது பதில் போலத் தெரியும். மார்க் எடுத்தவன்தான் மனிதன் என்ற அவன் பேச்சுக்கு நாம் போடும் கையெழுத்து அது.

முதலில் இந்த "மெரிட்" என்ற சொல்லுக்கு வருவோம். மெரிட் உள்ளவர்களின் ஆட்சி என்பதைக் குறிக்கும் "மெரிட்டோகிரசி" என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர் மைக்கேல் யங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர். 1958-இல் வெளிவந்த அவருடைய நூல் பலர் நினைப்பது போலப் பாராட்டு நூல் இல்லை, கிண்டல் நூல். 2034-ஆம் ஆண்டில் ஒருவன் உட்கார்ந்து எழுதுவதாக அமைத்திருப்பார். அந்தக் கற்பனை நாட்டில் அறிவும் உழைப்பும் சேர்ந்ததுதான் தகுதி. தகுதி உள்ளவன் மேலே, இல்லாதவன் கீழே. பழைய பிரபுவுக்காவது "அப்பன் சொத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்ற கூச்சம் கொஞ்சம் இருக்கும். புதிய ஆளுக்கு அதுவும் இல்லை. மேலே இருப்பது தன் தகுதியால் என்று நம்புகிறான். கீழே கிடப்பவனும், தான் கிடப்பது தன் குறையால் என்று நம்பிவிடுகிறான். கடைசியில் கலவரம் வெடிக்கிறது. இப்படி எச்சரிக்கையாக எழுதிய சொல்லை அரசியல்வாதிகள் லட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். 2001-இல், சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, யங் நாளிதழில் எழுதி அதற்காக வருந்த வேண்டியிருந்தது.

கீழே கிடப்பவனே தன்னைக் குறை சொல்ல ஆரம்பிப்பது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. முற்பிறவி வினை என்று சொல்லி நம் தாத்தாக்களை நம்ப வைத்தார்கள். இன்று வினைக்குப் பதில் மூளை. அந்த அம்மாவின் மாமியார் "தலையெழுத்து" என்று சொல்லியிருப்பார். மருமகள் "மூளை இல்ல" என்கிறார்.

மூளையை அளந்த கதை இன்னும் மோசம். 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவுவதற்காக. பிறவி அறிவை அளக்கும் கோல் இது என்று பினே சொல்லவில்லை. அது அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனதும் கோல் ஆகிவிட்டது. முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு நடத்திய தேர்வுத் தாள்களை வைத்து கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் 1923-இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தாருக்கு அறிவு அதிகம், மற்ற குடியேறிகளும் கறுப்பினத்தவரும் மட்டம் என்று தீர்ப்பு எழுதினார். அதே ஆள்தான் 1926-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாட் தேர்வை வடிவமைத்தவர். 1930-இல் தன் முடிவுகள் தவறு என்று அவரே எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். தீர்ப்பைத் திரும்பப் பெற்றார், தேர்வு நிலைத்துவிட்டது.

நம் நாட்டுச் சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புதிர்வழி விளையாட்டைக் கொடுத்தார்கள். தாளில் வரைந்த சிக்கலான பாதையில் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் செய்தால் காசு. 321 பேர் உயர்சாதி, 321 பேர் ஒடுக்கப்பட்ட சாதி. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விளையாட விட்டபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அதே விளையாட்டை, ஒவ்வொருவன் பெயரையும் சாதியையும் அறையில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு விளையாடச் சொன்னார்கள். இடைவெளி வந்துவிட்டது. பையன் மாறவில்லை, தாள் மாறவில்லை. சாதிப் பெயர் சத்தமாக ஒலித்தது, அது ஒன்றுதான் புதிது. 2004-இல் வந்த ஆய்வு. நம் வகுப்பறைகளில் உதவித்தொகைப் படிவம் கொடுக்க "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு" என்று ஆசிரியர் கூப்பிடுகிறாரே, அந்த நிமிடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுந்து நின்றிருக்கிறீர்கள். நானும் நின்றிருக்கிறேன்.

இனி "தகுதி" எப்போது எவ்வளவு எடை போடுகிறது என்று பார்ப்போம். 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் இடங்கள் காலியாகக் கிடந்தன. ஒன்றிய அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லாப் பிரிவுக்கும் தகுதிப் பெர்சென்டைலைச் சுழியம் ஆக்கியது. தேர்வு அறைக்குப் போய் உட்கார்ந்தவன் எல்லாம் தகுதியானவன். நெகட்டிவ் மார்க் வாங்கியவனும் கலந்தாய்வுக்கு வரலாம். நாற்பது மதிப்பெண் வித்தியாசத்தில் நம் பிள்ளை உள்ளே வந்தால் "நாளைக்கு ஆபரேஷன் பண்ணும்போது கத்தியை வயிற்றில் வைத்துத் தைத்துவிடுவான்" என்று பதறும் தொலைக்காட்சி மேதைகள் அன்றைக்கு எங்கே போனார்கள்? கட்டணம் கட்ட ஆள் வேண்டும் என்றபோது தகுதி பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது.

இங்கே ஒரு தம்பி கேட்பார்: குறைந்த மதிப்பெண் எடுத்த மருத்துவரிடம் நீங்கள் போவீர்களா? போவேன், போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஒதுக்கீடு நுழைவாயிலில்தான். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான். 69 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள தமிழ்நாடு பிரசவ மரணம், சிசு மரணம் இரண்டையும் குறைத்ததில் நாட்டின் பெரிய மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் ஊர்ப் பேச்சு பேசுகிற மருத்துவர் உட்கார்ந்திருந்தால்தான் கர்ப்பிணி தன் வலியைச் சொல்லுவாள். அந்தத் திறமைக்கு எந்த நுழைவுத் தேர்வில் மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்?

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலம் முழுக்க அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்ததும் அந்த எண்ணிக்கை நூறுகளுக்குப் போய்விட்டது. ஒரே ஆண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ந்துவிட்டதா? கதவைத் திறந்தார்கள், உள்ளே வந்தார்கள். இதைவிட எளிமையாக யாருக்கும் விளக்க என்னால் முடியாது.

இந்தச் சண்டை தொடங்கிய இடமும் நம் ஊர்தான். பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையில் 14 இடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, நமக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்தக் கணக்கால் தன் மருத்துவ இடம் பறிபோகிறது என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951-இல் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை என்பதும் அதே தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது. விண்ணப்பிக்காத இடத்துக்கும் சிலருக்குப் பிறப்பிலேயே பாத்தியதை இருக்கிறது பாருங்கள். பெரியார் கிளர்ச்சி நடத்தினார், அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அந்த 14 என்ற கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் யாருக்கு மூளை அதிகம் என்ற கேள்வியே இல்லை. இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறோம், இதில் எங்கள் பங்கு எங்கே என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது. ஒதுக்கீடு என்பது பங்கு. கெட்டிக்காரப் பிள்ளையைச் சேரியிலிருந்து பொறுக்கி எடுத்து மேலே ஏற்றிவிடும் ஏணி என்று அதை நாமே பேசத் தொடங்கியது எப்போது? ஏணியாக்கிவிட்டால், ஏறாதவனுக்கு நாம் சொல்லும் பதில் என்ன?

ஏறியவன் கதைக்கு வருகிறேன். நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் தினமும் ஓர் அம்பேத்கர் வருகிறார். இத்தனை பட்டம், இத்தனை மொழி, உலகின் முதல் அறிவாளி. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1917-இல் பரோடாவில் நடந்ததை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. கொலம்பியாவில் முதுகலை முடித்து, முனைவர் ஆய்வேட்டையும் எழுதி, லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். சமஸ்தானத்தில் உயர்ந்த வேலை. ஆனால் கடைநிலை ஊழியர்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் மேசையில் வீசினார்கள். தங்க அறை கிடைக்காமல் பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். தடியோடு வந்த கும்பல் அங்கிருந்தும் விரட்டியது. பொதுப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு அந்த ஊரில் அவரைவிடப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? படிப்பு சாதியைக் கரைக்கும் என்றால் அன்றே கரைந்திருக்க வேண்டும். அந்த மரத்தடியிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் மகாத் குளம். ஆயிரக்கணக்கான பேரோடு, அதில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தண்ணீர் அள்ளப் போனார்.

நூறு வருடம் கழித்து நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அவன் நன்றாகப் படிக்கிற பையன். பள்ளியில் நடந்த கொடுமையைப் பற்றிப் புகார் சொன்னவன். அடுத்த ஆண்டு அவன் பிளஸ் டூவில் 469 எடுத்தான். தொலைக்காட்சிகள் ஓடி வந்தன, தலைவர்கள் வாழ்த்தினார்கள், நாமும் பகிர்ந்தோம். "வெட்டியவர்களுக்கு மதிப்பெண்ணால் பதிலடி" என்று நானே எழுதினேன்.

இப்போது கேட்கிறேன். கையெல்லாம் தையலோடு படுத்திருந்த அந்தப் பையன் 180 எடுத்துத் தோற்றிருந்தால்? அவனுக்குக் கிடைக்க வேண்டிய நீதி குறைந்துவிடுமா? அந்தச் செய்தியை நாம் பகிர்ந்திருப்போமா? அரிவாளுக்குப் பதில் மதிப்பெண் என்று சொல்வது, குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டிய அரசின் வேலையை வெட்டுப்பட்ட பிள்ளையின் தலையில் வைப்பது. அவன் கஷ்டப்பட்டுப் படித்தது அவன் பெருமை. அதை வைத்து நாம் ஆறுதல் தேடிக்கொண்டது நம் சிறுமை. நல்லாப் படிப்பதும் வெட்டைத் தடுக்கவில்லை என்பதல்லவா அந்தச் சம்பவம்? அதையே "நல்லாப் படி, எல்லாம் சரியாகிவிடும்" என்பதற்கு உதாரணமாக்கிவிட்டோம்.

பொருளாதாரத்திலும் இதே கதைதான். "வேலை கேட்பவனாக இருக்காதே, வேலை கொடுப்பவனாக மாறு" என்ற முழக்கம் நம் மேடைகளில் இப்போது நன்றாக விலைபோகிறது. 2005-இல் புனேயில் தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபை அதைப் பரப்பியது. அரசும் அதைப் பிடித்துக்கொண்டது, 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியா என்று கடன் திட்டம் தொடங்கியது. கடன் வாங்குங்கள், தொழில் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கையில் பொதுத்துறையை விற்று, அங்கே இருந்த ஒதுக்கீட்டு வேலைகளை ஒழித்துக்கொண்டே, மறு கையில் "நீயே முதலாளி ஆகு" என்று சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன். தனியார் துறையில் நமக்கு ஒதுக்கீடு கிடையாது. அங்கே திறமைக்கு மட்டும் மதிப்பு என்கிறார்கள். 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் அதைச் சோதித்தார்கள். நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் போட்டார்கள். பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதிப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று மார்தட்டுகிறோம். அதனால் இங்கே நேர்காணலில் "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" என்று கேட்கிறார்கள்.

சம்பளம் மூளைக்குக் கிடைக்கும் பரிசு என்று நம்புகிறவர்களைச் சென்னை ரிப்பன் மாளிகை வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கே தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மாதம் ஏறத்தாழ 23,000 வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனால் 17,000 அளவுக்கு இறங்கிவிடும் என்று பயந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிப்போய்ப் பேருந்தில் ஏற்றியது. கொரோனாவில் இவர்கள் முன்களப் பணியாளர்கள். தட்டில் பூ வைத்துக் காலில் தூவினார்கள். அன்றைக்கு இருந்த அதே வேலை, அதே கை, அதே குப்பை. மூளை குறைந்ததாலா 6,000 ரூபாய் குறைகிறது? கூலியை நிர்ணயிப்பது யார் யாரை மிரட்ட முடியும் என்பதுதான். அந்தப் பெண்கள் சங்கமாக உட்கார்ந்ததால்தான் ஊரே அவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் திரித்துவிடுவார்கள். மலக்குழி வேலையில் ஒரு புனிதமும் இல்லை. அந்த வேலை ஒழிய வேண்டும், இயந்திரம் இறங்க வேண்டும். குழி மரணக் கணக்கில் நம் மாநிலம் முன்னணியில் இருப்பது வெட்கம். நான் சொல்வது, அதில் இறங்குகிறவனைப் பார்த்து "படிக்காததால் வந்த வினை" என்று சொல்வதும் ஒரு சாதிய வாக்கியம் என்பதைத்தான். அதை நம் பட்டதாரிகளும் சொல்கிறார்கள்.

அரசியலில் இந்த நோய் இன்னும் வேகமாகப் பரவியிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரனைத் திட்ட வேண்டும் என்றால் நம் பையன்கள் போடும் முதல் மீம் "எட்டாம் கிளாஸ் ஃபெயில்". ஆங்கிலம் தடுமாறினால் சிரிப்பு. கொஞ்சம் நம் வரலாற்றைப் பாருங்கள். மூதறிஞர் என்று பட்டம் பெற்ற ராஜாஜி 1953-இல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டு வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் வந்து அதைத் தூக்கி எறிந்தார், பள்ளிகளைத் திறந்தார், மதியச் சோறு போட்டார். பட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டிருந்தால் நம்மில் பாதிப் பேர் இன்று இதை வாசித்துக்கொண்டிருக்க மாட்டோம். 2015-இல் அரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் குறைந்தபட்சப் பள்ளிப் படிப்பு வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. நன்மை தீமையைப் பகுத்தறியும் சக்தியைக் கல்விதான் தருகிறது என்பது தீர்ப்பின் சாரம். பள்ளிக்கூடம் தராத அரசே, பள்ளிக்குப் போகாததைக் காட்டித் தலித் பெண்களைத் தேர்தலிலிருந்து வெளியே நிறுத்தியது.

இனிக் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும். 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மவர்கள் சிலர் என்ன பேசினார்கள்? "அவங்களும் படிச்சு வரட்டும். நாங்க படிச்சு வந்த இடத்தை ஏன் கேக்குறாங்க?" ஒரு தனி அறைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை நான் என் காதால் கேட்டேன். எனக்கு அரசியல் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் பேசினார். செண்பகம் துரைராஜனின் வாதத்தை வார்த்தை மாறாமல் எங்கள் நீலக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து பேசினார். 2024 ஆகஸ்டு 1-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும் நம் பக்கங்களில் அதே வரி திரும்ப வந்தது. அந்தத் தீர்ப்பில் கிரீமி லேயர் பற்றிச் சில நீதிபதிகள் எழுதியதை நானும் எதிர்க்கிறேன். ஒன்றியத்தில் ஆளுகிற கட்சி நம்மைப் பிரித்தாளப் பார்க்கிறது என்பதும் உண்மை. ஆனால் "படிச்சு வரட்டும்" என்ற சொல்லுக்கு இதெல்லாம் நியாயம் ஆகாது. நமக்கு மேலே இருந்தவன் நம்மைப் பார்த்துச் சொன்னது அது. மேற்கு மாவட்டங்களில் துடைப்பத்தைக் கையில் திணித்து வைத்திருக்கும் ஒரு சமூகத்தைப் பார்த்து நாம் அதைச் சொன்னால், அந்த அண்ணனுக்கும் எதிராளிக்கும் என்ன வித்தியாசம்?

1956 மார்ச்சில் ஆக்ராவில் பாபாசாகேப் பேசியது பலருக்குத் தெரியும். படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள், படித்து முடித்துத் தங்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டார்கள் என்று வருந்தினார். அந்தப் பேச்சை நாம் பெரும்பாலும் அடுத்தவரைக் குற்றம் சாட்டவே எடுக்கிறோம்.

அப்படியென்றால் படிக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள், கோபம் வரும். படியுங்கள். வெறியோடு படியுங்கள். ஒரு ஒதுக்கீட்டு இடத்தையும் காலியாக விடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்று வாங்கித் தந்த இடம் அது, உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு, உங்கள் மூளை பெரியது என்பதற்கான சான்றிதழாக மட்டும் அதைச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். உங்களோடு படித்துத் தவறிய பையன் உங்கள் தெருவில்தான் இருக்கிறான்.

இந்த மே மாதம் மன்றக் கூட்டத்தில் ஒன்று சொன்னேன். பிளெக்ஸ் வேண்டாம், அந்த 4,000 ரூபாயைத் துணைத் தேர்வு எழுதும் ஆறு பேருக்குக் கட்டணத்துக்கும் டியூஷனுக்கும் கொடுப்போம். அல்லது பிளெக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால், காலனியில் தேர்வு எழுதிய பதினேழு பேரின் படத்தையும் போடுவோம், மதிப்பெண் போடாமல். பெரிய சண்டை. "தோத்தவன் படத்தப் போட்டா மேலத்தெருக்காரன் சிரிப்பான்" என்றார் தலைவர். படம் சின்னதாகிவிடும், முகமே தெரியாது என்றார் பிளெக்ஸ் கடைத் தம்பி. இந்த ஆண்டு முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையின் அப்பா எழுந்து போய்விட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. அவர் பெண் பேருக்கு ஊர் நடுவில் ஒரு நாள் கிடைக்க வேண்டியதை நான் பிடுங்குவதாக அவருக்குத் தோன்றியிருக்கும்.

கடைசியில் இரண்டும் என்று முடிவானது. அந்தத் தங்கைக்குப் பிளெக்ஸ், ஆறு பேருக்குக் கட்டணம். என் திட்டத்தில் பாதிதான் நடந்தது. போன ஆண்டு கயிறு கட்டிய பையன் ஒரு பாடத்தைப் போன ஜூலையிலேயே முடித்துவிட்டான், கணக்கு மட்டும் பாக்கி. டியூஷன் மாலை ஆறு மணிக்கு, மன்றக் கட்டடத்தில். கணக்குச் சொல்லிக்கொடுக்க வருவதாகச் சொன்னது போன ஆண்டு மேடையில் சால்வை வாங்கிய 571 தங்கை. முதல் நாள் அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் அவன் அம்மா சொல்கிறார், வெட்கப்படுகிறானாம். நாளைக்கு வீட்டுக்கே போய்க் கூட்டி வர வேண்டும்.